குரங்கின் மூக்கு

அவரைக்காய் சீசன் வந்தால் எனக்குக் கோபம் வரும். மார்கழிக் குளிரில் தள்ளுவண்டி நிறையக் காயைக் குவித்துக்கொண்டு வருவார்கள், தெருவே மணக்கும், ஊரே பை எடுத்துக்கொண்டு ஓடும். நான் மட்டும் உர்ரென்று உட்கார்ந்திருப்பேன். மருமகள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குப் பொறுமை இல்லை. உங்களுக்குச் சொல்லலாம். நீங்களும் என்னைப் போல முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற கட்சி. பெங்களூரில் வீட்டுக்குள் பேசினாலே வாயில் புகை வந்த காலத்தைப் பார்த்தவர்கள்.

அப்போது நாங்கள் ஆஸ்டின் டவுனில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். வீடு சின்னது, கொல்லை நீளம். கட்டியவனுக்குப் பாதியில் சுண்ணாம்பு தீர்ந்துபோய் மீதியை அப்படியே விட்டுவிட்டான் என்று அம்மா சொல்வாள். கொல்லையின் ஒரு முனையில் துணி துவைக்கிற கல். மறுமுனையில் குளிக்கிற அறையின் சுவர். அதற்கு அந்தப் பக்கம் யாரும் அதிகம் நடக்காத சந்து. அப்பா ஒரு பேக்டரியில் ஃபிட்டர். காலைச் சங்கு ஊதுவதற்குள் கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் அஞ்சாம் கிளாஸ்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். சின்ன வயதில் பம்பரம் விட்டபோது ஆணி தெறித்து அவருக்கு இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. வலது கண்ணும் தூரத்தைச் சரியாகக் காட்டாது. அந்தக் கண்ணைக் காட்டிக் காட்டியே போன இடமெல்லாம் வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் மனுஷன் முடங்கி உட்காரவில்லை. ரேடியோவைப் பிரிப்பார், சைக்கிளைப் பிரிப்பார், சேர்க்கும்போது இரண்டு திருகாணி மிஞ்சும். "மிஞ்சினது கம்பெனிக்காரன் தப்பு" என்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னைப் பார்த்து, "உன்னைக் கட்டிக்கப்போற மாமா எங்கடி?" என்று கேலி செய்வார்கள். நான் அழுவேன். அவர் என்னைத் தூக்கிக்கொண்டு, "இவளை யாரு கட்டுவா, இது என் சோல்ஜர்" என்பார். அந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருஷம் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய அம்மா, மகனோடு இருக்கச் சீமைக்குக் கப்பல் ஏறினார். வீட்டைக் காலி செய்யும்போது மாமாவைக் கூப்பிட்டு ஒரு பழைய ஏர் பிஸ்டலைக் கொடுத்தார். காற்றழுத்தத்தில் ஈய ரவையைத் தள்ளுகிற பிஸ்டல். அதைக் கொண்டுபோய், சிவாஜி நகரில் லேத் வைத்திருந்த தன் சிநேகிதரிடம் மாமா காட்டினார். அவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதே மாதிரி ஒன்றை நாமே செய்யலாம், பாதி செலவு கூட ஆகாது என்றார். ஒரு மாதத்தில் செய்தும் விட்டார். அப்புறம் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை செய்த இன்னொருவரிடம், மலிவாக வந்திருந்த புதுசு ஒன்றை மாமா இரவல் வாங்கி வந்தார். மூன்றையும் வைத்து எது குறி தப்பாமல் சுடுகிறது என்று பார்த்துவிட வேண்டும். லேத்தில் செய்தது ஜெயித்தால் அதையே செய்து விற்கலாம். சீமைத் துப்பாக்கி வாங்க வக்கில்லாத நம்மைப் போன்றவர்கள் வாங்குவார்கள். இதுதான் திட்டம்.

மூன்றுக்கும் நான்தான் பேர் வைத்தேன். அந்த அம்மா கொடுத்தது கறுப்பன். கடையிலிருந்து இரவல் வந்தது பளபளவென்று முகம் பார்க்கிற மாதிரி இருந்ததால் மினுக்கி. லேத்தில் செய்தது பார்க்கச் சகிக்காது. கட்டைப்பிடி ஒரு பக்கம் வீங்கியிருக்கும், குழாயில் அரம் போட்ட கோடு தெரியும், நுனியில் குறி பார்க்கிற பித்தளைத் துண்டு மூக்கு மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும். அதற்குக் குரங்கு என்று பேர்.

மாமாவுக்குக் கண் சரியில்லை, அதனால் சுடுவது என் வேலை. யோசிப்பது அவர் வேலை. அப்பாவின் பழைய காக்கிக் கால்சட்டையை வெட்டி அம்மா ஒரு பை தைத்துக் கொடுத்தாள். அதில் ராகியை அடைத்துத் துவைக்கிற கல்மேல் வைப்போம். பையின் நடுவில் பள்ளம் செய்து அதில் பிஸ்டலைப் பதிய வைத்தால், கை ஆட்டம் போய்விடும். தப்பு நடந்தால் அது பிஸ்டலின் தப்பு. குளிக்கிற அறைச் சுவரில் ஒரு தேயிலைப் பெட்டி, உள்ளே மரத்தூள், முன்னால் சோப்பு அட்டை. அட்டையில் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டிருப்போம். ஓணான், அணில், காக்கா எதையும் சுடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

முதல் நாளே மாமா ஒன்று சொன்னார். அது இன்றைக்கும் எனக்கு அவர் குரலிலேயே கேட்கிறது.

"பாப்பா, கொத்து பாரு. குறி அப்புறம். அஞ்சு ரவையும் ஒரே எடத்துல மொய்ச்சா அதான் கொத்து. வட்டத்துக்கு வெளில விழுந்தாக்கூட பரவால்ல, மூக்கைத் தட்டி உள்ள இழுத்துக்கலாம். செதறிச்சுன்னு வையி, எந்தக் கொம்பனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"மூக்கை எந்தப் பக்கம் தட்டணும் மாமா?"

"மூக்கு எந்தப் பக்கம் சாயுதோ, ரவை அதுக்கு எதிர்ப்பக்கம் போவும். இடது பக்கம் சாஞ்சா வலது பக்கம் போவும். புரிஞ்சுதா சோல்ஜர்?"

புரிந்தது. எனக்குக் கணக்கு வராது, ஆனால் இது புரிந்தது.

அந்தச் சீசன் முழுக்க இதுதான் எங்கள் பிழைப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொல்லைக்கு ஓடுவேன். அம்மா வாசற்படியில் முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் உரிப்பாள். ஊறவைத்த கொட்டையைப் பிதுக்கிப் பருப்பு எடுப்பாள். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் என்று சத்தமில்லாமல் போய் விழும். அந்தப் பச்சை வாசனையோடு பிஸ்டலுக்குப் போடுகிற எண்ணெய் வாசனையும் கலந்துவரும். சுடும்போது முதலில் டப், பிறகு மரத்தூளில் புஸ். ஒவ்வொரு புஸ்ஸுக்கும் அம்மா "ஆண்டவா" என்பாள்.

கறுப்பன் ராஜா வீட்டுக் கிழவர் மாதிரி. வெயில் ஏறும் வரைக்கும் உடம்பு வளையாது. உள்ளே இருந்த தோல் வாஷர் குளிரில் விறைத்துக்கொண்டு, காலையில் ரவையைக் கீழே தள்ளும், மத்தியானம் மேலே தள்ளும். மினுக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெளியே பகட்டு, உள்ளே பொக்கை. விசையை அழுத்த என் இரண்டு விரலும் போதாது, அழுத்துவதற்குள் முகம் திரும்பிவிடும். அஞ்சு ரவையும் தாளித்த கடுகு மாதிரி அட்டை முழுக்கத் தெறித்திருக்கும். குரங்கு சுட்ட அட்டையை எடுத்து வந்தபோது மாமா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மூக்கு அட்டையில் படப் பார்த்தார். அஞ்சும் ஒரே இடம். எட்டணாக் காசை வைத்தால் மறைந்துவிடும். வட்டத்துக்கு வெளியேதான் விழுந்திருந்தது, ஆனால் கொத்து.

அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் அட்டையைக் காட்டினோம். அவர் கால் கூடக் கழுவவில்லை. தம் சின்னச் சுத்தியலை எடுத்து வந்து குரங்கின் மூக்கில் பட்டும் படாமலும் ஒரு தட்டு தட்டினார். மறுபடி சுட்டேன். வட்டத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. அப்பா அதிகம் பேசாதவர். "கை நல்லா நிக்குது" என்றார். ராகிப் பை இருக்கும்போது கை நிற்பதில் என்ன அதிசயம் என்று கேட்காதீர்கள். அப்புறம் பையை எடுத்துவிட்டு வெறும் கையாலும் சுட்டுக் காட்டினேன். அதுவும் நடுவில்தான்.

பேக்டரியில் சங்கராந்தி முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு விழா நடக்கும். ஓட்டம், கயிறு இழுத்தல், பெண்களுக்கு மியூசிக்கல் சேர். அப்பாவின் ஆபீசருக்குச் சுடுவதில் பைத்தியம். அதனால் பிள்ளைகளுக்கு ஏர் பிஸ்டல் போட்டியும் உண்டு. சொந்தத் துப்பாக்கி கொண்டுவரலாம். வருஷா வருஷம் ஆபீசரின் மகன்தான் ஜெயிப்பான், ஏனென்றால் மற்ற பிள்ளைகள் துப்பாக்கியை அன்றைக்குத்தான் கையில் தொடுவார்கள். "இந்த வருஷம் குரங்கு ஜெயிக்குது" என்றார் மாமா. "கப்பை வாங்கினதும் எந்தக் கம்பெனின்னு கேப்பாங்க. சிவாஜி நகர் கம்பெனின்னு சொல்லு." சமையலறை அலமாரியில் ஊறுகாய் ஜாடியை நகர்த்திவிட்டுக் கப்புக்கு இடம் செய்துவைத்தேன். தினமும் அந்த இடத்தைத் துடைப்பேன்.

சங்கராந்திக்குச் சில நாள் முன்னால் அப்பா ஒரு சேதி கொண்டுவந்தார். ஸ்டோர்ஸில் ஒரு ஆள் எடுக்கப்போகிறார்கள். கண் பெரிதாக வேண்டியதில்லை, சாமானைக் கொடுத்து வாங்குகிற வேலை. முடிவு செய்வது அந்த ஆபீசர்தான். மாமா மனு கொடுத்தார். அதோடு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. நான் கொல்லைக்குப் போனால் மாமா பின்னால் வரமாட்டார். "ரவை தீந்துபோச்சு, இருக்கிறதை அன்னிக்கு வெச்சுக்கலாம்" என்றார். நானும் நம்பினேன். மூன்று பேரும் அடுப்படியில் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் போனால் அவரைக்காய் விலையைப் பற்றிப் பேசுவார்கள். பெரியவர்கள் எப்போதும் அப்படித்தானே என்று நினைத்தேன்.

விழா அன்று காலையில் அம்மா எனக்குத் தலை பின்னி, நீலப் பாவாடை கட்டி, கண்ணுக்கு மை வைத்தாள். வீட்டில் விளக்குக் கரியைச் சேர்த்து விளக்கெண்ணெயில் குழைத்த மை. மைச் சிமிழைத் திறப்பதற்கு முன்பே அவள் விரல் கறுத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைத் தவிர அன்றைக்கு அதில் ஒன்றும் இல்லை.

மைதானத்தில் ஷாமியானாப் பந்தல் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் மாறி மாறி ஒலித்தன. மாமா குரங்கைத் துணியில் சுற்றித் தம்மிடமே வைத்திருந்தார். என் பேரைக் கூப்பிட்ட பிறகுதான் பிரித்து, தாமே ரவை போட்டுக் கையில் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் சுட்ட ஆபீசர் மகன், நல்ல பையன், "ஆல் தி பெஸ்ட்" என்றான். நான் மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, மாமா சொல்லிக்கொடுத்தபடியே அஞ்சையும் சுட்டேன். அட்டை தூரத்தில் இருந்தது, ஓட்டை தெரியாது. ஆனால் கைக்குத் தெரியும் இல்லையா? நன்றாகச் சுட்டோம் என்று கைக்குத் தெரிந்தது. கப்பை வாங்கும்போது எந்தக் கையை நீட்டுவது என்று கூட யோசித்துவிட்டேன்.

அட்டையை எனக்குக் காட்டவில்லை. மேஜைக்குப் போயிற்று. ஒலிபெருக்கியில் ஆபீசர் மகன் பேர் வந்தது. என் பேருக்கு நேரே, வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை என்றார்கள்.

மாமா குனிந்து என் தோளைப் பிடித்தார். "கை நடுங்கிடுச்சு பாப்பா. கூட்டத்தைப் பாத்துப் பயந்துட்டே. பரவால்ல, சின்னப் புள்ளதானே."

"நான் பயப்படல மாமா."

"பயந்தவங்களுக்கு அது தெரியாது கண்ணு" என்றார் அப்பா. அவ்வளவு அன்பாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஊறுகாய் ஜாடியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினேன். அந்த வாரம் முழுக்க என் கையோடு எனக்குப் பகை. டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து, கையை நீட்டிக்கொண்டு நிற்பேன், தளும்புகிறதா என்று. தளும்பாது. அப்படியானால் கூட்டத்தில் மட்டும் நடுங்குகிற கையா? பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டபோது எழுந்து நிற்கவே பயந்தேன், கை நடுங்கிவிடுமோ என்று. அதுவரை எனக்கு அந்தப் பயம் இருந்ததில்லை. அதை அவர்கள்தான் உண்டாக்கினார்கள். இதை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

பிறகு ஒரு நாள் மாமாவுக்கு வேலை ஆர்டர் வந்தது. வீடு அமளிதுமளிப்பட்டது. அம்மா கடவுள் படத்துக்கு முன்னால் அழுதாள். அப்பாவும் மாமாவும் கோயிலுக்குப் போனார்கள். அம்மா பிதுக்கின பருப்புக் குழம்பு வைப்பதற்கு முறத்தோடு உட்கார்ந்தாள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. அந்தச் சந்தோஷத்தில்தான் மறுபடி ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். குரங்கு துணியில் சுற்றியபடியே இருந்தது. தீர்ந்துவிட்டதாகச் சொன்ன ரவை டப்பா பக்கத்திலேயே, பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

என் கையை நான் நம்பவில்லை. ராகிப் பையைக் கல்மேல் வைத்து, பிஸ்டலைப் பள்ளத்தில் பதித்துச் சுட்டேன். அட்டையை எடுத்துப் பார்த்தேன். அஞ்சும் ஒரே இடத்தில். அழகான கொத்து. ஆனால் வட்டத்துக்கு வெளியே, வலது பக்கம்.

கொத்து பாரு, குறி அப்புறம். பையும் கல்லும் நடுங்காது. மூக்கைப் பார்த்தேன். மயிரிழை இடது பக்கம் சாய்ந்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன். விரலில் கறுப்பு ஒட்டியது. தேய்த்த இடத்தில் பித்தளை பளிச்சென்று, குறடு கடித்த தடத்தோடு தெரிந்தது. விரலை முகர்ந்தேன். விளக்கெண்ணெய் வாசனை. விழா அன்று காலையில் என் கண்ணில் இருந்த அதே வாசனை.

அம்மாவிடம் போய்க் கட்டைவிரலை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். எங்கேயிருந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"யாரும்மா வளைச்சது?"

அவள் கை நிற்கவில்லை. ஒரு கொட்டையைப் பிதுக்கினாள், தோல் அந்தப் பக்கம், பருப்பு இந்தப் பக்கம். "மாமா பண்றேன்னான். அவன் கண்ணுக்கு அது வரல. ரொம்ப வளைச்சா நீ கண்டுபுடிச்சுடுவே. அப்பாதான் வளைச்சாங்க."

"நீ மை பூசினே."

"பளபளன்னு தெரிஞ்சுது. பூசினேன்."

"ஏம்மா?"

"ஆபீசர் புள்ளையத் தோக்கடிச்சுட்டு அவருகிட்டயே வேலை கேக்கமுடியுமாடி? உனக்கு ஒரு கப்பு. உங்க மாமாவுக்கு வாழ்க்கை. எது பெருசு, நீயே சொல்லு."

நான் சொன்னேன். அன்றைக்கு எனக்கு வந்த வார்த்தை அது, இன்றைக்கும் அதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியாது. "என்கிட்ட சொல்லியிருந்தா நானே வேணும்னு தப்பா சுட்டிருப்பேனேம்மா. மாமாவுக்காக சுட்டிருப்பேனே."

அம்மாவின் கை அப்போதுதான் நின்றது. "சின்னப் புள்ள. வெளியில சொல்லிடுவேன்னு நெனச்சோம்" என்றாள். பிறகு மறுபடி பிதுக்க ஆரம்பித்தாள். நான் யாரிடம் என்ன ரகசியத்தை அதுவரை சொல்லியிருந்தேன்? மாமா ஒளிந்து பீடி குடிப்பது எனக்குத் தெரியும். அப்பா செருப்புக்குள் காசு வைப்பது தெரியும். ஒன்றையும் நான் சொன்னதில்லை.

மாமா கோயிலிலிருந்து வந்து என் நெற்றியில் விபூதி வைக்க வந்தார். அம்மா கண்ணைக் காட்டியிருக்க வேண்டும். அவர் கை பாதியில் நின்றது. "சோல்ஜர்" என்றார். நான் நெற்றியை நகர்த்திக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் என்னை அப்படிக் கூப்பிடவும் இல்லை.

அத்தோடு போயிருந்தால் இன்று அவரைக்காய் மேல் கோபம் இருந்திருக்காது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஆபீசரும் மகனும். லேத்தில் செய்த பிஸ்டல் ஒன்று வந்திருந்ததாக மகன் சொன்னானாம், பார்க்க வேண்டுமாம். தெருவே எட்டிப் பார்த்தது. அப்பா எதிர்வீட்டில் நாற்காலி வாங்கிவர ஓடினார். ஆபீசர் குரங்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கில் மறுபடி மை இருந்தது. யார் பூசியது என்று நான் கேட்கவில்லை.

"நீனு சுடு பார்க்கலாம்" என்று என்னிடம் கொடுத்தார். கன்னடக்காரர், எங்களோடு தமிழைக் கலந்து பேசுவார்.

எனக்கு ராகிப் பை வேண்டியிருக்கவில்லை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். ரவை எவ்வளவு வலது பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு இடது பக்கம் குறி வைத்தேன். அஞ்சு தடவை டப், அஞ்சு தடவை புஸ். மகன் ஓடிப்போய் அட்டையை எடுத்து வந்தான். வட்டத்துக்கு நடுவில் ஒரே ஓட்டை மாதிரி இருந்தது. அவன் என்னையே பார்த்தான். "அன்னிக்கு ஏன் இப்படிச் சுடல?" என்று கேட்டான்.

அப்பா, அம்மா, மாமா மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மாமாவின் பூ விழுந்த கண்ணைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைக் கூட எனக்கு விட்டுவைக்கவில்லை.

"பயந்துட்டா சார்" என்றார் அப்பா.

"கொஞ்சம் பயந்த சுபாவம்ங்க" என்றாள் அம்மா.

"கூட்டத்தைப் பாத்தா கை ஆடும் சார்" என்றார் மாமா.

ஆபீசர் வாய்விட்டுச் சிரித்தார். "மனேலி ஹுலி, பீதீலி இலி!" நம் ஊரிலும் அதே பழமொழிதான்: வீட்டில் புலி, வெளியில் எலி. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கையிலிருந்த பிஸ்டலை நான் இன்னும் கீழே வைக்கவில்லை, அட்டை கண்ணெதிரே இருக்கிறது, அப்போதும் நான் எலி.

காரில் ஏறும்போது அவர் மாமாவைத் திரும்பிப் பார்த்து, "ஆர்டர் ஏன் இவ்ளோ லேட்டா வந்துது? நான் சங்கராந்திக்கு முன்னாலயே சைன் ஹாகிட்டேனே" என்றார். கையெழுத்துப் போட்டது சங்கராந்திக்கு முன்னால், விளையாட்டு விழா சங்கராந்திக்குப் பிறகு. கார் போய்விட்டது. வாசலில் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அம்மாதான் முதலில் உள்ளே போனாள்.

சாயங்காலம் அப்பா சுத்தியலோடு கொல்லைக்கு வந்தார். "குடு கண்ணு, நேராக்கிடறேன்."

"வேணாம்ப்பா. அது அப்படியே இருக்கட்டும்" என்றேன். அவர் சுத்தியலோடு திரும்பிப் போனார்.

மாமா வேலைக்குப் போக ஆரம்பித்ததும் லேத்காரரோடு துப்பாக்கி செய்கிற பேச்சு நின்றுபோயிற்று. கறுப்பன் என்ன ஆயிற்றோ. மினுக்கி கடைக்குத் திரும்பிப் போயிற்று. குரங்கு, நாங்கள் வீடு மாற்றியபோது பழைய இரும்போடு போய்விட்டது என்றார்கள். எலி மட்டும் என்னோடு வந்தது. சித்தி வீட்டுக் கல்யாணத்தில் வரவேற்புக்கு நிற்கச் சொன்னால், "அவ பயப்படுவா" என்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "கொஞ்சம் பயந்த சுபாவம், அதிர்ந்து பேச மாட்டா" என்று அம்மா அதை ஒரு நகை மாதிரி எடுத்துக் காட்டினாள். அவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. என் வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் என்னைத் தனியாக ரோடு தாண்ட விடவில்லை.

போன தை மாதம், பெங்களூருக்கு வெளியே சந்தாபுராவுக்குப் போயிருந்தேன். மாமா அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, காது போய்விட்டது, வலது கண்ணும் மங்கல். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம். அவருடைய பேரன் போனில் ஆர்டர் போட்டு ஒரு மலிவான ஏர் பிஸ்டல் வாங்கியிருந்தான். நண்பனிடமும் ஒன்று இருக்கிறதாம், எது பெட்டர் என்று இரண்டையும் வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எதுவும் அட்டையில் படவில்லை.

"அரிசிப் பை இருந்தா கொண்டா" என்றேன். அவன் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொண்டுவந்தான். சுவரோரம் கிடந்த கல்மேல் வைத்து, பள்ளம் செய்து காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமா, யாரும் கேட்காமலே, "கொத்து பாரு, குறி அப்புறம்" என்றார். பாடம் அப்படியே இருந்தது.

பிறகு பையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, வெறும் கையால் அஞ்சு ரவை சுட்டேன். பேரன் அட்டையை எடுத்து வந்து, "அத்தை!" என்று கத்தினான். எட்டணாக் காசு இப்போது யாரிடமும் இல்லை. இருந்தால் மறைத்திருக்கும். மாமாவின் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினான். அவர் விரலால் தடவிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இவ கை அப்பிடி! சின்ன வயசுலயே அப்பிடி. பேக்டரி போட்டியில மட்டும் பாவம், பயந்துட்டா. இல்லேன்னா அந்தக் கப்பு இவளுதுதான்" என்று பேரனிடம் சொன்னார்.

நான் அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். பொய் சொல்கிறவரின் முகம் எனக்குத் தெரியும், அந்தச் சீசனில் மூன்று முகங்களில் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை. அவர் அதை நம்புகிறார். அப்பா போய்விட்டார், அம்மா போய்விட்டாள். மிச்சம் இருந்த ஒரே சாட்சியும் கட்சி மாறிவிட்டது.

"நான் பயப்படல மாமா" என்றேன்.

"இன்னா?"

"நான் அன்னிக்குப் பயப்படல!"

அவருக்குக் கேட்கவில்லை. பேரன் அவர் காதில் வாயை வைத்து, "அத்தை பயப்படலையாம் தாத்தா!" என்று கத்தினான்.

மாமா தலையை ஆட்டினார். என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். "ஆமா ஆமா. இந்த வயசுல இனிமே எதுக்கும்மா பயம்" என்றார்.

உள்ளேயிருந்து மாமாவின் மருமகள் சாப்பிடக் கூப்பிட்டாள். அவரைக்காய்ப் பிதுக்கின பருப்புக் குழம்பு என்றாள். எனக்குப் பசி இல்லை என்றேன்.